எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து மேற்கோள் பட்டியல் வரை: ஆய்வுத் தரவு, கட்டுரை, சைட்டேஷன் கண்காணிப்பு – முழுமையான வழிகாட்டி

கட்டுரைக்கு சைட்டேஷன் (பிறர் தங்கள் கட்டுரையில் நம்மை மேற்கோள் காட்டுவது) வரவில்லை என்றால் உடனே ஜர்னலைக் குறை சொல்கிறோம். பல சமயம் கோளாறு, கட்டுரையை அனுப்பும் முன்பே நடந்து முடிந்திருக்கும். ஆசிரியர் பெயர் ஒவ்வொரு கட்டுரையிலும் ஒவ்வொரு மாதிரி, கல்லூரியின் பெயர் மூன்று விதம், பலவிதமாக எழுதப்படும் ஊர்ப் பெயருக்குக் குறிச்சொல்லில் ஒரே எழுத்துக்கூட்டல், தரவோ ஆய்வேட்டின் பின்னிணைப்பில் படமாக. பிறகு எந்த ஜர்னலில் போட்டாலும் வரவேண்டிய மேற்கோள் வழியிலேயே சிதறிவிடும். அதனால் இந்த வழிகாட்டி பெயரில் தொடங்கி, தரவு, டி.ஓ.ஐ. (கட்டுரைக்கும் தரவுக்கும் தரப்படும் நிரந்தர இணைய எண்), ஜர்னல், கண்காணிப்பு என்று போகிறது. இந்த வரிசையை மாற்றாமல் இருப்பது நல்லது.

கடைசிவரை ஓர் எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொள்வோம். வடசென்னைக் கல்லூரி ஒன்றில் முனைவர் பட்ட மாணவி ஒருவர், கொசஸ்தலையாறும் பக்கிங்ஹாம் கால்வாயும் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில் 12 இடங்களில், 18 மாதம், மாதம் ஒரு முறை நீர் மாதிரி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தன்மை, வெப்பநிலை, ஈயம், காட்மியம் அளக்கிறார். கூடவே மீனவக் குடும்பங்களிடம் பேட்டியும் எடுக்கிறார். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் புகுந்தபோதும் எழுந்த கேள்வி ஒன்றுதான்: இதற்கு முன் இங்கே அளவு என்ன இருந்தது? இப்படிப்பட்ட தரவுக்குப் பத்து வருடம் கழித்தும் ஆள் தேடி வருவார்கள். தேடி வருபவர் கையில் அது கிடைக்குமா என்பதுதான் விஷயம்.

முதலில் பெயர்

இன்ஷியல்தான் தமிழ்நாட்டு ஆய்வாளர்களின் முதல் எதிரி. ஜர்னலின் சமர்ப்பிப்புப் படிவம் ‘கிவன் நேம்’, ‘ஃபேமிலி நேம்’ என்று இரண்டு கட்டம் கேட்கும். குடும்பப் பெயர் என்ற ஒன்றே நம்மில் பலருக்குக் கிடையாது. மா. தமிழரசி என்ற கற்பனைப் பெயரை எடுத்துக்கொள்வோம், அப்பா மாணிக்கம். மூன்று வழி உண்டு.

கிவன் நேமில் தமிழரசி, ஃபேமிலி நேமில் ‘எம்’ என்ற ஒற்றை எழுத்து போட்டால், மேற்கோள் பட்டியலில் ‘எம், டி.’ என்று அச்சாகும். இதைவிட மோசமான வழி இல்லை. தேடுபொறியில் ‘எம், டி.’ என்று ஆயிரம் பேர் வருவார்கள், தமிழரசி வரமாட்டார்.

கிவன் நேமில் தமிழரசி, ஃபேமிலி நேமில் மாணிக்கம் போட்டால் ‘மாணிக்கம் டி.’ ஆகும். தொழில்நுட்ப ரீதியில் குறை ஒன்றுமில்லை. ஆனால் கட்டுரை முழுக்க அப்பா மேற்கோள் காட்டப்படுவார்.

கிவன் நேமில் மாணிக்கம், ஃபேமிலி நேமில் தமிழரசி போட்டால் ‘தமிழரசி எம்.’ என்று வரும். இங்கே எல்லோரும் அவரை அறிந்த பெயரும் இதுவே. பெரும்பாலானவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்போம். வெளிநாட்டிலிருந்து ‘டியர் மாணிக்கம்’ என்று மின்னஞ்சல் வரும்; அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எந்த வழியாக இருந்தாலும் முதல் கட்டுரையில் எடுத்ததைக் கடைசிவரை மாற்றக்கூடாது. திருமணத்துக்குப் பின் இன்ஷியல் மாற்றுபவர்கள் பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும், கட்டுரைப் பெயரைத் தொட வேண்டாம். ‘ழ’ உள்ள பெயர்களில் இன்னொரு சிக்கல்: ஆங்கிலத்தில் ஒரு முறை ‘எல்’, ஒரு முறை ‘இசட்-எச்’ என்று எழுதினால் மென்பொருளுக்கு இருவரும் வேறு வேறு ஆள். ஏற்கெனவே நான்கைந்து கட்டுரை வெளிவந்திருந்தால், அதிகம் வந்த வடிவத்தையே தொடருங்கள். சரியான வடிவம் எது என்று இப்போது ஆராய்ந்து பயனில்லை.

அடுத்தது ஆர்கிட் எண். ஆய்வாளர்களுக்கென்று 2012 அக்டோபரில் தொடங்கிய இலவச அடையாளம் இது. நான்கு நான்காகப் பிரித்த 16 இலக்கம். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. சிலருக்கு அது ‘எக்ஸ்’ என்று வரும், பிழை என்று நினைத்து இன்னொரு கணக்கு தொடங்கிவிடாதீர்கள். பதிவு செய்ய ஐந்து நிமிடம் போதும். ஆனால் இந்த மூன்றையும் அப்போதே முடித்துவிடுங்கள்:

– கல்லூரி மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலையும் சேருங்கள். கல்லூரியை விட்டுப் போனால் அந்த முகவரி செத்துவிடும். கடவுச்சொல் மறந்தால் கணக்கைத் திறக்க வழி இருக்காது.
– ‘ஆல்ஸோ நோன் ஆஸ்’ பகுதியில் பெயரின் எல்லா வடிவங்களையும் போடுங்கள். தமிழ் எழுத்திலும் ஒன்று சேர்க்கலாம்.
– கட்டுரை வெளியானதும், கட்டுரைகளின் டி.ஓ.ஐ.யைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பிலிருந்து ‘உங்கள் கணக்கில் சேர்க்கலாமா’ என்று ஆர்கிட் பெட்டிக்கு ஒரு கேள்வி வரும். ஒரு முறை சம்மதித்தால் போதும், பிறகு வருபவை தானாக ஏறும். பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

இதற்குக் கட்டுரையை அனுப்பும்போதே ஆர்கிட் வழியாக உள்நுழைந்திருக்க வேண்டும். தொடர்பு ஆசிரியர் மட்டும் உள்நுழைந்து, கைடும் மற்றவர்களும் சும்மா இருந்துவிட்டால் எண் அவர் ஒருவருக்குத்தான் பதிவாகும்.

நிறுவன முகவரியில் கல்லூரியின் பெயர் முதலில், இணைந்த பல்கலைக்கழகம் அடுத்து, ஊரும் அஞ்சல் குறியீடும் கடைசியில். வெறும் ‘சென்னைப் பல்கலைக்கழகம்’ என்று போட்டால் கட்டுரை கல்லூரிக் கணக்கில் ஏறாது. கல்லூரிப் பெயரின் அதிகாரபூர்வ ஆங்கில வடிவத்தை ஆர்.ஓ.ஆர். என்ற நிறுவனப் பதிவேட்டில் பார்த்து அதையே எழுதுங்கள். வண்ணாரப்பேட்டையை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று தெரு பெயர்ப்பலகைகளைப் பார்த்தாலே போதும், இது ஏன் முக்கியம் என்று புரியும்.

தரவுக் கோப்பு

நேரம் அதிகம் பிடிக்கும் வேலை இதுதான். பின்னால் தலைவலி தருவதும் இதுவே.

மாதத்துக்கு ஒரு ஷீட், இடத்துக்கு ஒரு நிறம், தலைப்பில் ஒட்டிய செல்கள் என்று எக்ஸெலில் வைத்திருப்போம். பார்க்க அழகு, கணினிக்குப் புரியாது. சி.எஸ்.வி.யாக (எந்த மென்பொருளும் படிக்கும் வெறும் எழுத்து அட்டவணை) சேமித்தால் நிறமும் ஒட்டிய செல்களும் போய்விடும், அப்போது திறந்திருக்கும் ஷீட் மட்டும் மிஞ்சும். ஒரு மாதிரிக்கு ஒரு வரிசை, ஓர் அளவுக்கு ஒரு நெடுவரிசை என்று ஒரே நீண்ட அட்டவணையாக்குங்கள். 12 இடம், 18 மாதம் என்றால் 216 வரிசை இருக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள். மழையில் போக முடியாத மாதத்தின் வரிசையையும் நீக்காதீர்கள். அளவுக் கட்டத்தைக் காலியாக விட்டு, குறிப்பு நெடுவரிசையில் காரணத்தை எழுதுங்கள். நிறம் எதையாவது குறித்தது என்றால் அதற்கும் தனி நெடுவரிசை வேண்டும்.

தேதி: 05/12/2023 என்பது நமக்கு டிசம்பர் 5, அமெரிக்க அமைப்பில் உள்ள எக்ஸெலுக்கு மே 12. ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் 2023-12-05 என்றே எழுதுங்கள். நேரத்தையும் தனியாகக் குறியுங்கள், இந்திய நேரம் என்று விளக்கக் கோப்பில் சொல்லுங்கள். கழிமுகத்தில் நேரம் அலங்காரமல்ல. கடல் ஏறும்போது எடுத்த நீரும் வற்றும்போது எடுத்த நீரும் உப்பில் ஒன்றல்ல. ஏற்றமா வற்றமா என்று ஒரு நெடுவரிசை இல்லாத எண்ணூர் உப்புத் தரவை வைத்து யாரும் எதையும் ஒப்பிட முடியாது.

இடம்: அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் தசம வடிவில், தனித்தனி நெடுவரிசையில். ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 அமைப்பு என்று குறிப்பிடுங்கள். நான்கு தசம இடம் கிட்டத்தட்ட 11 மீட்டர் துல்லியம். படகிலிருந்து எடுக்கும் மாதிரிக்கு அது போதும். முகத்துவாரம் சுமார் 13.23 வடக்கு, 80.33 கிழக்கு. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் மாதிரி எடுத்த இடம் ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்டுக்கு வடக்கே போய் நிற்கும். நடக்காது என்று நினைக்க வேண்டாம். வெளியிடும் முன் எல்லாப் புள்ளிகளையும் ஒரு வரைபடத்தில் போட்டுப் பாருங்கள்.

அலகு: நெடுவரிசைத் தலைப்பிலேயே இருக்கட்டும். லிட்டருக்கு மில்லிகிராமா, மைக்ரோகிராமா? இரண்டுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். செல்லுக்குள் எண்ணோடு அலகையும் எழுதினால் அது எண்ணாக இருக்காது, எழுத்தாகிவிடும்.

கருவி கண்டறிய முடியாத அளவுகள்: ஆய்வகம் ‘பி.டி.எல்.’ என்று தரும். அதைச் சுழியம் என்று மாற்றினால் சராசரி பொய்யாகக் குறையும். அப்படியே எழுத்தாக விட்டால் நெடுவரிசை கெடும். அளவுக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், பக்கத்தில் ‘வரம்புக்குக் கீழ்’ என்ற குறியீட்டுக்கு ஒரு நெடுவரிசை, கண்டறியும் வரம்பு எவ்வளவு என்பதற்கு இன்னொன்று. வரம்பில் பாதியைப் போட்டுக் கணக்கிடுவது சிலர் வழக்கம். அதைப் பகுப்பாய்வில் செய்யலாம், மூலத் தரவில் செய்யக்கூடாது.

தமிழ் எழுத்து: பேட்டிகளைத் தமிழில் தட்டச்சு செய்திருந்தால் முதலில் எழுத்துருவைப் பாருங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தது இன்னொரு கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடாக மாற்றிய பிறகே சேமியுங்கள். மாற்றிக்கொடுக்கும் இலவசக் கருவிகள் உண்டு. ஆனால் ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, ‘ஔ’ வரும் இடங்களைக் கண்ணால் சரிபாருங்கள். எக்ஸெலில் சேமிக்கும்போது வெறும் சி.எஸ்.வி. வேண்டாம், ‘சி.எஸ்.வி. யு.டி.எஃப்-8’ என்ற தெரிவை எடுங்கள். வேறிடத்தில் உருவான கோப்பை இரட்டை கிளிக்கில் திறந்து எழுத்து உடைந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். ‘டேட்டா’ மெனுவில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்’ வழியாகத் திறந்து 65001 என்ற குறிமுறையைத் தேர்ந்தெடுத்தால் சரியாக வரும். உடைந்த நிலையில் மேலே சேமித்துவிட்டால் மட்டும் மீட்பது கடினம்.

கோப்புப் பெயரில் இடைவெளி வேண்டாம். ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு போதும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் சார் கரெக்ஷன்’ என்ற பெயர்களை ஒழித்து வி1, வி2 என்று எண் கொடுங்கள். ஆய்வகம் தந்த மூலக் கோப்பைத் தனி ஃபோல்டரில் போட்டு அதைத் தொடாமல் வையுங்கள்.

இதோடு ஒரு ‘ரீட்மீ’ கோப்பு, சாதாரண டெக்ஸ்டில். யார், எங்கே, எப்போது, எந்தக் கருவியால், எந்த முறையில் அளந்தார்கள். மாதிரியை எந்தப் புட்டியில், எந்த வெப்பநிலையில், எத்தனை மணி நேரம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் என்ன பொருள், என்ன அலகு, காலிக் கட்டம் எதைக் குறிக்கிறது. துறையில் உள்ள, ஆனால் இந்த ஆய்வைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் இந்த இரண்டு கோப்புகளை மட்டும் கொடுங்கள். அவர் கேள்வி கேட்காமல் ஒரு வரைபடம் போட முடிந்தால் வேலை முடிந்தது. கேட்டால், அந்தக் கேள்விக்கான பதில்தான் ரீட்மீயில் விடுபட்டது.

ஆட்களைப் பற்றிய தரவு

நீர் அளவுகளைத் திறந்து வைக்கலாம். பேட்டிகளை அப்படியே வைக்க முடியாது. பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்பது தவறான நம்பிக்கை. நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்ற ஊர்களில் ‘வயது 61, பெண், இறால் பிடிப்பவர், மூத்த மகன் துறைமுக ஒப்பந்தத் தொழிலாளி’ என்று படித்தால் ஊரில் எல்லோருக்கும் யார் என்று தெரிந்துவிடும். காசிமேட்டில் படகின் பதிவு எண் ஒன்றே உரிமையாளரைக் காட்டிக்கொடுக்கும்.

வயதைப் பத்துப் பத்தாகத் தொகுங்கள், குப்பத்தின் பெயருக்குப் பதில் ‘கழிமுக வடகரை’ போல் பெரிய பகுதியைச் சொல்லுங்கள், படகு எண்ணை நீக்குங்கள். பிறகு வயது, பால், தொழில், இடம் என நான்கையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரே சேர்க்கையில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் இன்னும் தொகுக்க வேண்டும். மருத்துவக் கல்லூரிகளில் நோயாளித் தரவுக்கும் இதே கணக்குதான். அங்கே அனுமதித்த தேதியும் அரிய நோயின் பெயரும் சேர்ந்தாலே போதும், ஆள் தெரிந்துவிடும்.

தரவைப் பகிர்வதற்கான சம்மதத்தைப் பேட்டிக்கு முன்பே வாங்க வேண்டும். ‘நீங்கள் சொன்னதைப் பெயரில்லாமல் மற்ற ஆய்வாளர்களும் படிக்கும்படி இணையத்தில் வைப்போம், சம்மதமா?’ என்று பேச்சுத் தமிழில் கேட்டு, படிவத்தில் தனிக் கையெழுத்து வாங்குங்கள். நெறிமுறைக் குழுவுக்குத் தரும் படிவத்திலும் அந்த வரி இருக்கட்டும். பேட்டி முடிந்து ஒரு வருடம் கழித்து மறுபடி போய் வாங்குவது நடைமுறையில் நடக்காது. சம்மதம் இல்லாவிட்டால் கேள்வித்தாளையும் தொகுத்த எண்ணிக்கை அட்டவணையையும் மட்டும் வெளியிடலாம்.

களஞ்சியமும் டி.ஓ.ஐ.யும்

கூகுள் டிரைவ் இணைப்பு வெளியீடு ஆகாது. கணக்கு மூடினால் போயிற்று. டி.ஓ.ஐ. தரும் களஞ்சியம் வேண்டும். நிறையப் பேர் பயன்படுத்துவது ஜெனோடோ. 2013-இல் செர்ன் ஆய்வுக்கூடமும் ஓப்பன்ஏர் அமைப்பும் தொடங்கியது. கட்டணம் இல்லை, ஒரு பதிவுக்கு 50 ஜி.பி. வரை இடம். உயிரினப் பதிவுகள் மட்டும் என்றால் ஜி.பி.ஐ.எஃப்., மரபணு வரிசை என்றால் ஜென்பேங்க் என்று துறைக்குரிய இடமே முதல் தேர்வாக இருக்க வேண்டும்.

ஜெனோடோவில் ஆர்கிட் எண்ணாலேயே உள்நுழையலாம். புதிய பதிவு தொடங்கி கோப்புகளை ஏற்றியதும், வெளியிடுவதற்கு முன்பே டி.ஓ.ஐ. எண்ணை ஒதுக்கி வாங்கும் பொத்தான் இருக்கும். அந்த எண்ணைக் கட்டுரையின் கையெழுத்துப்படியில் போட்டுக்கொள்ளலாம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: ஒதுக்கிய எண் வேலை செய்வது ‘பப்ளிஷ்’ அழுத்திய பிறகுதான். கட்டுரை வெளிவந்து, தரவுப் பதிவு இன்னும் டிராஃப்டில் தூங்கினால் வாசகருக்குக் கிடைப்பது ‘பக்கம் இல்லை’. கட்டுரை ஏற்கப்பட்ட நாளே தரவை வெளியிட்டுவிடுங்கள். பயிற்சிக்கு ஜெனோடோ சாண்ட்பாக்ஸ் என்று தனித்தளம் உண்டு; அங்கே வாங்கும் டி.ஓ.ஐ. உண்மையானதல்ல, அதைக் கட்டுரையில் போட்டுவிடக்கூடாது.

நிரப்பும்போது வகை என்ற இடத்தில் ‘டேட்டாசெட்’ என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் தேடலில் தரவாக வராது. தலைப்பில் என்ன, எங்கே, எப்போது மூன்றும் இருக்கட்டும்: ‘எண்ணூர்க் கழிமுக நீரின் உப்புத்தன்மையும் கன உலோகங்களும், 2023 ஜனவரி – 2024 ஜூன்’. குறிச்சொற்களில் இடப்பெயரின் எல்லா வடிவங்களையும் போடுங்கள். கொசஸ்தலையாற்றைக் கொற்றலையாறு என்றும் எழுதுகிறார்கள்; எண்ணூருக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்கூட்டல் புழக்கத்தில் உண்டு. ஒன்றைத் தேடுபவர் கண்ணில் மற்றது படாது. தமிழிலும் இரண்டு குறிச்சொல் போடுவதற்குக் காசா பணமா?

உரிமத்துக்கு சி.சி. பை 4.0 போதும்: யாரும் பயன்படுத்தலாம், பெயர் சொல்ல வேண்டும். ‘வணிகப் பயன்பாடு கூடாது’ என்ற உரிமம் பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் கட்டணம் வாங்கும் கல்லூரி பயன்படுத்தினால் வணிகமா, நாளிதழ் வரைபடம் போட்டால் வணிகமா என்று தெளிவில்லாமல், தயங்குபவர்கள் எடுக்காமலேயே போய்விடுவார்கள்.

ஒரு பதிவுக்கு இரண்டு டி.ஓ.ஐ. காட்டும்: ஒன்று எல்லாப் பதிப்புகளுக்கும் பொது, மற்றது இந்தப் பதிப்புக்கு மட்டும். கட்டுரையில் இரண்டாவதைக் கொடுங்கள், எந்த எண்களிலிருந்து முடிவு வந்தது என்று அப்போதுதான் தெரியும். பிழை கண்டால் பழைய பதிவுக்குள் கை வைக்காமல் புதிய பதிப்பு ஏற்றுங்கள். ஒன்றை மறக்கக்கூடாது: ஏற்றியதை நினைத்தபடி அழிக்க முடியாது. ஆள் தெரியும் பேட்டிக் கோப்பு தவறுதலாக ஏறிவிட்டால் நீக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம், ஆனால் அதற்குள் யார் இறக்கிக்கொண்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

கட்டுரையில் ‘தரவு கிடைக்குமிடம்’ என்ற பத்தியில் இணைப்பைப் போடுவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். மேற்கோள்களை எண்ணும் மென்பொருள் பார்ப்பது கட்டுரை முடிவில் உள்ள மேற்கோள் பட்டியலைத்தான். ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, பதிப்பு, களஞ்சியம், டி.ஓ.ஐ. என்று தரவும் அந்தப் பட்டியலில் ஓர் உருப்படியாக இருக்க வேண்டும். ஆய்வேடு ஏற்கெனவே சோத்கங்கா என்ற இந்திய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் இருந்தாலும் இந்த வேலையைச் செய்யலாம், அங்கே பி.டி.எஃப். இயல்களுக்குள் இருக்கும் அட்டவணையை யாரும் எடுத்துக் கணக்கிடப் போவதில்லை.

ஜர்னல்

யு.ஜி.சி. ஏற்ற ஜர்னல்களின் பட்டியலான ‘யு.ஜி.சி. கேர்’ 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. ‘கேர் லிஸ்டட்’ என்று இன்னும் விளம்பரம் செய்யும் ஜர்னல் பழைய காலண்டரைக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022 முனைவர் பட்ட விதிகளில் ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற யு.ஜி.சி. கட்டாயமும் இல்லை, ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் வைத்திருக்கலாம். பதிவு செய்த பல்கலைக்கழகத்தின் விதியைக் கையில் வாங்கிப் படித்த பிறகே ஜர்னலைத் தேடுங்கள்.

சோதிக்கும் முறை: ஐ.எஸ்.எஸ்.என். (ஜர்னலின் அடையாள எண்) தளத்தில் எண்ணைப் போட்டு, அங்கே உள்ள பெயரும் இணைய முகவரியும் ஜர்னல் சொல்வதோடு பொருந்துகிறதா பாருங்கள். ஸ்கோபஸ் (தேர்ந்தெடுத்த ஜர்னல்களின் மேற்கோள் தரவுத்தளம்) என்றால் ஸ்கோபஸின் மூலப் பட்டியலிலேயே தேடி, எந்த ஆண்டு வரை சேர்க்கிறார்கள் என்பதைப் பாருங்கள். ‘டிஸ்கன்டினியூட்’ ஆன ஜர்னல் பட்டியலில் பெயராக இருக்கும், ஆனால் புதிய கட்டுரை ஏறாது. திறந்த அணுகல் ஜர்னல் (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடியது) என்றால் அவற்றின் பதிவேடான டி.ஓ.ஏ.ஜே.யில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி இதழில் ஒரு கட்டுரையின் டி.ஓ.ஐ.யைச் சொடுக்கிப் பாருங்கள், திறக்காவிட்டால் விலகிவிடுங்கள். திறந்தாலும் அது தரச்சான்று இல்லை, டி.ஓ.ஐ. என்பது கதவிலக்கம் மாதிரி, வீடு எப்படி என்று அது சொல்லாது.

மிகவும் ஆபத்தானது போலி இரட்டை. நல்ல ஜர்னலின் பெயர், அட்டை, ஐ.எஸ்.எஸ்.என். எல்லாவற்றையும் நகலெடுத்து வேறு முகவரியில் தளம் வைத்திருப்பார்கள். கூகுளில் முதலில் வருவது அதுவாகக்கூட இருக்கும். தேடுபொறி வழியாகப் போகாமல், ஸ்கோபஸ் அல்லது ஐ.எஸ்.எஸ்.என். பதிவில் உள்ள இணைப்பு வழியாகவே ஜர்னலுக்குள் நுழையுங்கள். மூன்று நாளில் ஏற்பு, முன்பணம், வாட்ஸ்அப்பில் ‘இரண்டாம் ஆசிரியர் இடம் காலி’ என்று வரும் அழைப்பு – இவற்றுக்குப் பதில்கூட அனுப்ப வேண்டாம்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, ‘வளரும் நாடு’ சலுகை கிடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். பெரும்பாலான பதிப்பகங்களின் முழுத் தள்ளுபடிப் பட்டியலில் இந்தியா இல்லை. கட்டணமில்லாத சந்தா ஜர்னலில் போட்டு, ஏற்கப்பட்ட கையெழுத்துப்படியைச் சொந்தமாகத் திறந்து வைப்பதே செலவில்லாத வழி. எந்தப் பிரதியை, எத்தனை மாதம் கழித்து வைக்கலாம் என்பதை ஓப்பன் பாலிசி ஃபைண்டர் தளத்தில் பார்க்கலாம். பழைய ஆட்களுக்கு ஷெர்பா ரோமியோ என்றால் தெரியும். பதிப்பகம் வடிவமைத்த பி.டி.எஃப். வேறு, நீங்கள் கடைசியாகத் திருத்தி அனுப்பிய வேர்டு கோப்பு வேறு. பெரும்பாலும் அனுமதி இரண்டாவதற்குத்தான். அதை வைக்கும்போது 5 எம்.பி.க்குள், ஸ்கேன் செய்யாத, எழுத்தாகத் தேடக்கூடிய பி.டி.எஃப். ஆக வையுங்கள். இல்லாவிட்டால் கூகுள் ஸ்காலர் அதை எடுக்காது.

மற்றவர்களின் கட்டுரைகளைப் படிக்க ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியிலிருந்து நடக்கிறது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஜர்னல்கள், அரசு நிறுவனங்களுக்கு. வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் இருப்பவர்கள், வீட்டிலிருந்து எப்படி உள்நுழைவது என்று நூலகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்கள் உலாவியில் அன்பேவால் நீட்டிப்பைப் போட்டுக்கொண்டால், சட்டப்படி இலவசமாக இருக்கும் பிரதி எங்கே என்று அதுவே காட்டும்.

கண்காணிப்பு

கூகுள் ஸ்காலரில் சுயவிவரம் தொடங்கி, கல்லூரி மின்னஞ்சலால் உறுதிசெய்து, ‘பப்ளிக்’ ஆக்குங்கள். அமைப்பில் கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் தெரிவை அணைத்து, மின்னஞ்சலில் கேட்டுச் சேர்க்கும்படி மாற்றுங்கள். தானாக விட்டால் அதே இன்ஷியல் கொண்ட இன்னொருவரின் இருதய அறுவைக் கட்டுரை உங்கள் கணக்கில் ஏறிவிடும். எண்ணிக்கை கூடுகிறதே என்று விட்டுவைத்தால் நேர்காணலில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். ஒரே கட்டுரை இரண்டாக வந்திருந்தால் இரண்டையும் தேர்ந்தெடுத்து ‘மெர்ஜ்’ கொடுங்கள். ‘ஃபாலோ’ பொத்தானில் ‘புதிய மேற்கோள்கள்’ என்பதைத் தேர்ந்தால் அஞ்சல் வரும்.

தரவின் டி.ஓ.ஐ.க்கு ஸ்காலரை மட்டும் நம்ப வேண்டாம். ஓப்பன்அலெக்ஸ் 2022 ஜனவரியில் தொடங்கிய திறந்த மேற்கோள் தரவுத்தளம். அங்கே கட்டுரையின் டி.ஓ.ஐ.யைத் தேடி, மேற்கோள் காட்டியவற்றின் பட்டியலைத் திறந்து சி.எஸ்.வி.யாக இறக்கிக்கொள்ளலாம். தரவுக்கு, டி.ஓ.ஐ. எண்ணையே மேற்கோள் குறிக்குள் வைத்து ஸ்காலரில் தேடிப் பாருங்கள். மேற்கோள் பட்டியலில் சேர்க்காமல் இணைப்பை மட்டும் தந்தவர்கள் இதில் சிக்குவார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, அரை மணி நேரம் போதும்.

ஒரே கட்டுரைக்கு ஸ்காலரில் 31, ஸ்கோபஸில் 19, ஓப்பன்அலெக்ஸில் 23 என்று வந்தால் யாரும் பொய் சொல்லவில்லை. ஸ்காலர் ஆய்வேடு, முன்பதிப்பு, மாநாட்டுப் பிரதி எல்லாவற்றையும் சேர்க்கிறது. ஸ்கோபஸ் தன் பட்டியலில் உள்ளவற்றை மட்டும். படிவத்தில் எண்ணை எழுதும்போது எங்கே, எந்தத் தேதியில் பார்த்தது என்று சேர்த்து எழுதுங்கள்.

எச்-இண்டெக்ஸ் 2005-இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் சொன்னது. கட்டுரைகளை மேற்கோள் வாரியாக இறங்கு வரிசையில் வையுங்கள்: 31, 14, 9, 6, 5, 4, 1. ஐந்தாவது கட்டுரைக்கு 5, ஆறாவதற்கு 4. ஐந்து மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் ஐந்து, ஆக எச் 5. ஐ10 என்பது பத்துக்குக் குறையாமல் பெற்றவற்றின் எண்ணிக்கை, இங்கே 2. இம்பாக்ட் ஃபேக்டர் ஜர்னலின் கணக்கு, ஆளின் கணக்கல்ல: 2022, 2023 கட்டுரைகள் 120, அவற்றுக்கு 2024-இல் வந்த மேற்கோள் 180 என்றால் 1.5. கிளாரிவேட் தரும் ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸில் இருப்பதுதான் இம்பாக்ட் ஃபேக்டர். அதே மாதிரி ஒலிக்கும் வேறு பெயரில் ஜர்னல் தன் முகப்பில் ஒட்டிக்கொள்ளும் எண்ணுக்கு மதிப்பில்லை.

நீங்கள் மேற்கோள் காட்டும் கட்டுரைகளையும் ஒரு கண் பார்க்க வேண்டும். மேற்கோள்களைச் சேமிக்கும் சோட்டெரோ மென்பொருளில் அவற்றை வைத்திருந்தால், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைக்குச் சிவப்பு எச்சரிக்கை காட்டும், டி.ஓ.ஐ. சேர்த்திருந்தால்தான் இது சரியாக வேலை செய்யும். தமிழ் ஆசிரியர் பெயரை அதில் ஏற்றும்போது பெயர்க் கட்டத்தை இரண்டிலிருந்து ஒன்றாக மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இன்ஷியல் மறுபடி குடும்பப் பெயராகிவிடும். அரசு அறிக்கைகளின் பி.டி.எஃப். முகவரிகள் அடிக்கடி மாறும். மேற்கோள் காட்டும் நாளிலேயே, இணையப் பக்கங்களின் நகலைக் காக்கும் வேபேக் மெஷினில் சேமித்து அந்த இணைப்பையும் கொடுங்கள்.

கண்காணிக்கும்போது உங்கள் தரவைப் பயன்படுத்தி, பெயர் சொல்லாமல் விட்ட கட்டுரை ஒன்று கிடைக்கலாம். முதலில் தொடர்பு ஆசிரியருக்குச் சிறிய மின்னஞ்சல்: எந்த வரைபடம், உங்கள் கோப்பின் எந்த வரிசைகள், தரவின் டி.ஓ.ஐ., சி.சி. பை உரிமத்தில் பெயர் குறிப்பிடுவது கட்டாயம் என்ற ஒரு வரி. குற்றம் சாட்டும் தொனி வேண்டாம், மறதியாகவும் இருக்கலாம். நான்கு வாரத்தில் பதில் இல்லாவிட்டால் அதே அஞ்சலை ஜர்னல் ஆசிரியருக்கு அனுப்பி, திருத்தக் குறிப்பு வெளியிடக் கேளுங்கள். அந்தக் குறிப்பில் வெறும் ‘நன்றி’ போதாது, தரவின் டி.ஓ.ஐ. மேற்கோள் பட்டியலில் சேர வேண்டும் என்று குறிப்பாக எழுதுங்கள்.